அம்மா சொன்னது, அப்படியே

ஜனவரி 12

அன்புள்ள மந்திரிக்கு,

அப்பா நலம். நீ நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவைப் பற்றி அப்படி நம்ப முடியவில்லை.

போன கடிதத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அம்மா கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டிடமே "பூட்டியாச்சா?" என்று கேட்கிறாள் என்று. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழு வருஷமாக நாடகக் குழுவோடு ஊர் ஊராய் அலைகிறவனுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று யார் சொல்வார்கள், உன்னைத் தவிர?

இங்கே எனக்கு ஒரு மனநல டாக்டர் பழக்கம். எங்கள் நாடகங்களுக்குத் தவறாமல் வருவார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "மருந்தெல்லாம் அப்புறம். அவங்க என்ன பேசறாங்க, எப்படிப் பேசறாங்க, அது முதல்ல வேணும்" என்றார். ஆகையால் மந்திரியாரே, ஒரு வேலை. அம்மா என்ன சொன்னாலும் எனக்கு எழுது. உன் பங்குக்கு எதையும் கூட்டாதே, குறைக்காதே. அம்மா சொன்னது, அப்படியே. அவளுக்குத் தெரிய வேண்டாம். டாக்டர் என்று காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

நான் இப்போது ராஜா வேஷம் கட்டுகிறேன். கிரீடம் ஒரு சுற்றுச் சின்னது. தலைவலியோடு நாடாள்கிறேன். உன் மூக்குக் கண்ணாடிக் கடை எப்படி? உன் முதலாளி இன்னும் வாடிக்கைக்காரர்களின் மூக்கைக் குறை சொல்கிறாரா?

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பதிலுக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டபடி,
அப்பா

*

ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவும் உடம்பளவுல நல்லா இருக்காங்க. உங்க தலைவலிக்கு கிரீடத்துக்குள்ள கொஞ்சம் பஞ்சு வைங்க. கடையில மூக்கு உறுத்துறவங்களுக்கு நாங்க அப்படித்தான் ஏதாவது வெச்சுக் கொடுப்போம். முதலாளி நேத்துகூட ஒருத்தர்கிட்ட, "கண்ணாடி சரியாத்தான் இருக்கு, உங்க மூக்குதான் ஒரு பக்கமா போகுது"ன்னு சொன்னார். அவர் சண்டைக்கு வந்துட்டார்.

டாக்டர்கிட்ட சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்ப்பா. இத்தனை நாள் நான் ஒருத்தனாதான் இதைப் பார்த்துட்டிருந்தேன்.

அம்மா பகல் முழுக்கப் பட்டன் தைக்கிறாங்க. கம்பெனியில இருந்து ஆள் சட்டை மூட்டையைக் கொண்டுவந்து போட்டுட்டுப் போவார். அவர் போனதும் பூட்டை மூணு நாலு தடவை இழுத்துப் பார்ப்பாங்க. அடுப்பை அணைச்சிட்டு அது முன்னாடி நின்னு, "அணைஞ்சிட்டியா? என்னைப் பார்த்துச் சொல்லு"ன்னு கேட்பாங்க.

பக்கத்து வீட்டுக்காரர் நம்ம சுவரைத் தள்ளிக்கிட்டே வர்றாராம். தரையில சாக்பீஸ் கோடு போட்டு வெச்சிருக்காங்க. "சுவத்தை எப்படிம்மா தள்ள முடியும்?"னு கேட்டேன். "ஒரேயடியா தள்ளினா தெரிஞ்சிடும்னுதானே கொஞ்சம் கொஞ்சமா தள்ளறாரு"ன்னாங்க.

வெளிய போகும்போது கதவுக்கு உள்பக்கம் ஒரு கப்பைக் கவுத்து வைப்பாங்க. கதவை லேசாத் திறந்து கையை மட்டும் உள்ள விட்டு வைக்கணும். திரும்பி வந்ததும் அது இடம் மாறியிருக்கான்னு பார்ப்பாங்க. "நகர்ந்திருந்தா எவனோ வந்திருக்கான்." நகரலைன்னா? "கப்பைப் பழையபடி வெச்சிட்டுப் போற அளவுக்கு விவரமானவன் வந்திருக்கான்."

எழுதும்போது சிரிப்பா வருதுப்பா. நேர்ல பார்த்தா வராது.

அம்மா சார்பிலும் நானே விசாரித்துக்கொள்கிறேன்.
உங்கள் மகன்

*

பிப்ரவரி 16

அன்புள்ள மந்திரிக்கு,

நலம். நலமறிய ஆவல். பஞ்சு வைத்தேன், தலைவலி போய்விட்டது. இனி நீதான் அரண்மனை வைத்தியன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கப் விஷயத்தில் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இன்னொரு தடவை படிங்க" என்றார். உனக்கு நல்ல காது இருக்கிறது.

அவருக்குச் சில சந்தேகங்கள். கப்பை எந்தக் கையால் வைக்கிறாள்? குனிந்து வைக்கிறாளா, உட்கார்ந்தா? "விவரமானவன்" என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துகிறாளா? அடுப்போடு பேசும்போது குரலில் கோபமா, கெஞ்சலா? சுவரைப் பார்க்கப் போகும்போது வேகமாகப் போகிறாளா, பதுங்கிப் போகிறாளா? இதெல்லாம் சின்ன விஷயம்போல இருக்கும். டாக்டருக்கு இதில்தான் எல்லாமே இருக்கிறதாம்.

இன்னும் எழுது. நிறைய எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அப்பா

*

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்க எப்படி இருக்கீங்க? குரலைப் பார்த்துக்கோங்க.

இடது கை. குனிஞ்சுதான் வைக்கிறாங்க. முன்னாடி நிறுத்தறாங்க, ஆமா. அடுப்புகிட்ட கோபமும் இல்ல, கெஞ்சலும் இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனா அப்பா, குனிஞ்சா என்ன, உட்கார்ந்தா என்ன? இதை வெச்சு டாக்டர் என்ன கண்டுபிடிப்பார்? கடைக்கு ஒரு நர்ஸ் அம்மா கண்ணாடி மாத்த வந்தாங்க. அவங்ககிட்ட கேட்டேன். "ஆளைப் பார்க்காம எந்த டாக்டர்ப்பா இப்படிக் கேட்கிறாரு? பேரு என்ன?"ன்னாங்க. எனக்குப் பேரு தெரியலை. எழுதுங்க.

இன்னொரு விஷயம். போன வாரம் அம்மா கேட்டாங்க, "யாருக்குடா இவ்வளவு எழுதறே?"

"அப்பாவுக்கு."

"அவர் கேட்டாரா?"

"ஆமாம்மா."

உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஊசியில நூல் கோத்துட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் என் முன்னாடி பேச்சைக் குறைச்சிட்டாங்க. அடுப்பை அணைச்சிட்டுப் பேசாம வந்துடறாங்க. சுவர் பக்கம் போறதில்ல. இது நல்லதுதானேப்பா? குணமாகிட்டு வர்றாங்கன்னு எடுத்துக்கலாமா? டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மகன்

*

மார்ச் 21

அன்புள்ள மந்திரிக்கு,

உன் கடிதம் கிடைத்த இரண்டே நாளில் பதில் போடுகிறேன், பார்த்தாயா? நலம்.

பேச்சு நின்றுபோனது நல்லதல்ல. டாக்டர் முகமே வாடிவிட்டது. வியாதி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற நேரம் இதுதானாம். எப்படியாவது பேச வை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நீயே எடுத்துக் கொடு. இல்லையென்றால் ஒன்று செய். அவள் வெளியே போயிருக்கும்போது அந்தக் கப்பை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்துப் பார். வந்ததும் என்ன சொல்கிறாள், என்ன செய்கிறாள், அதை உடனே எழுது. சிகிச்சைக்காகத்தான். மனசைக் கல்லாக்கிக்கொள்.

டாக்டர் பெயரில் என்ன இருக்கிறது? அவர் விளம்பரம் பிடிக்காத மனிதர். நர்ஸுகள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கண்ணாடி வியாபாரம் உருப்படாது.

புது நாடகம் ஒன்று மேடை ஏறியிருக்கிறது. ராஜா ராணிக் கதைதான். கூட்டம் பரவாயில்லை.

இருமல் இருந்தால் கவனி.
அப்பா

*

ஏப்ரல் 28

அன்புள்ள மருமகப்பிள்ளைக்கு,

மாமா நல்லா இருக்கேன். லாரியும் நல்லா இருக்கு. ரெண்டு பேருக்கும் இடுப்பு வலி மட்டும் உண்டு. நீயும் அக்காவும் எப்படி இருக்கீங்க?

சரக்கு இறக்க உங்கப்பா இருக்கற ஊருக்குப் போயிருந்தேன். ஆள் வர ஒரு நாள் ஆகும்னு உட்கார வெச்சிட்டானுங்க. சுத்திட்டு வரலாம்னு போனா, சுவரெல்லாம் உங்கப்பா மூஞ்சி. நாடகத்துப் பேரு "பூட்டியாச்சா?" எவ்வளவு நாளாச்சு பார்த்து, போய்த்தான் பார்ப்போமேன்னு டிக்கெட் எடுத்தேன்.

ராஜாவும் இல்ல, ராணியும் இல்லடா. ஒரு அப்பாவிப் புருஷன், அவனுக்கு ஒரு சந்தேகப் பொண்டாட்டி. அந்தம்மா அடுப்பைப் பார்த்து, "அணைஞ்சிட்டியா, என்னைப் பார்த்துச் சொல்லு"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. பக்கத்து சீட்டுக்காரன் தொடையிலகூட தட்டிட்டேன். அப்புறம் சுவத்தைத் தள்ளறாங்கன்னு ஆரம்பிச்சுது. அப்புறம் இடது கையால ஒரு கப்பை எடுத்துக் குனிஞ்சு கவுத்து வெச்சுது.

எங்கக்காடா அது. குனியற விதம்கூட எங்கக்கா.

பக்கத்து சீட்டுக்காரன், "என்ன சார், சிரிக்கறதை நிறுத்திட்டீங்க?"ன்னான். எழுந்து வந்துட்டேன்.

அந்த மனுஷன் உங்க வீட்டு வாசப்படி ஏறி ஏழு வருஷம் ஆகுது. கப்பு வைக்கறதெல்லாம் அதுக்கப்புறம் வந்த பழக்கம். அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்கணும். யாருன்னு நான் கேட்கலை. அக்காவுக்கு இந்தச் சங்கதி தெரிய வேண்டாம்.

அக்காவை விசாரிச்சதா சொல்லு.
மாமா

*

மே 7

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரலை.

நான்தான் மாமா. ஜனவரியில இருந்து எழுதிட்டு இருக்கேன். டாக்டருக்குன்னு சொன்னார். உங்க கடிதம் வந்த அன்னிக்குக் கடையில ஒரு கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒரே கண்ணோட லென்ஸைப் போட்டுட்டேன். முதலாளி எதுவும் சொல்லலை, பாதி நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டார்.

நீங்க பார்த்தது நிஜம்தான். இருந்தாலும் மனசு கேட்கமாட்டேங்குது. டாக்டரும் இருந்து, நாடகமும் இருக்கக் கூடாதா? ஏதோ ஒரு பேச்சுல நாடகத்துக்குள்ள வந்திருக்கக் கூடாதா? அதனால ஒரு வேலை செஞ்சிருக்கேன். நேத்து அவருக்கு ஒரு பொய் எழுதிப் போட்டேன். மாடி வீட்டுக்காரங்க தரையில காதை வெச்சு ஒட்டுக் கேட்கிறாங்கன்னு அம்மா வீட்டுக்குள்ள குடையை விரிச்சுப் பிடிச்சிட்டுதான் பேசறாங்கன்னு. அம்மா அப்படி எதுவும் செய்யலை. முழுக்க என் கற்பனை. அது மேடைக்கு வருதான்னு நேர்ல போய்ப் பார்க்கப்போறேன்.

கப்பை நகர்த்தி வெச்சுப் பார்க்கச் சொல்லியிருந்தார் மாமா. கையில எடுத்துட்டேன். முடியலை, அதே இடத்துல வெச்சுட்டேன். திரும்பினா அம்மா வாசல்ல நிக்கறாங்க. எப்ப வந்தாங்கன்னு தெரியலை. ஒண்ணும் கேட்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒண்ணு கேட்கணும். அம்மா எப்பவுமே இப்படியா? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் உங்க வீட்டுல இருந்தேன். திரும்பி வந்தப்போ அப்பா வேலைக்கு வெளியூர் போயிருக்கார்னாங்க. அவர் எப்படிப் போனார்? மறைக்காம எழுதுங்க.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்க.
மருமகன்

*

ஜூன் 10

அன்புள்ள மந்திரிக்கு,

நலமா? நான் பரம நலம்.

குடை விஷயத்துக்கு உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அதாவது, இவ்வளவு தெளிவான அறிகுறி கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் சிரித்தார்.

குடை என்ன நிறம்? பேசி முடித்ததும் மடக்கிவிடுகிறாளா, விரித்தபடியே வைத்திருக்கிறாளா? இரண்டு பேர் பேசும்போது இரண்டு பேருக்கும் ஒரே குடையா? உடனே எழுது.

மழையில் நனையாதே.
அப்பா

*

ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்க கார்டு வந்துச்சு. லாரிக்கு டயர் மாத்தினது, டோல்கேட்ல சண்டை போட்டது எல்லாம் எழுதியிருக்கீங்க. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல.

முதலாளிக்கு லென்ஸ் எடுக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு நாடகத்துக்குப் போனேன். பின்வரிசையில இடம் கிடைச்சுது. அந்த நடிகை வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு. அம்மா வேகமா ஊசி கோக்கறப்போ உதட்டைக் கடிப்பாங்களே, அதுவரைக்கும் இருக்கு. எல்லாம் நான் எழுதினதுதான்.

குடையும் வந்துச்சு. சிவப்புக் குடை. அன்னிக்கு ராத்திரி பெரிய சிரிப்பே அதுக்குத்தான். முன்னாடி இருந்த ஒரு பெரியவர் மூச்சு வாங்கிட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். மாமா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஒரே ஒரு நொடி எனக்குப் பெருமையா இருந்துச்சு.

நாடகம் முடிஞ்சு ஒப்பனை அறைக்குப் போனேன். கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து பவுடரைத் துடைச்சிட்டிருந்தார். கண்ணாடியிலயே என்னைப் பார்த்து, "அட, மந்திரி!"ன்னு எழுந்து கட்டிப்பிடிச்சார். "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டார் மாமா. முதல் கேள்வியே அதுதான்.

"டாக்டர் எங்கப்பா?"

துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைச்சுக்கிட்டே, "டாக்டர்னு சொல்லலைன்னா எழுதியிருப்பியா?"ன்னார்.

"அம்மாவை வெச்சு எல்லாரும் சிரிக்கறாங்கப்பா."

"சிரிக்கறாங்க, சரி. வெளிய போகும்போது கேட்டுப் பாரு. ஒருத்தன்கூட அவளைத் திட்டமாட்டான். அத்தனை பேருக்கும் அவளைப் பிடிச்சிருக்கு. நான் அவளைக் கைவிட்டுட்டேன்னு பேசறாங்களே, தினமும் சாயங்காலம் நான் அவளோடதான்டா இருக்கேன்."

அவர் பேச்சு உங்களுக்குத் தெரியும். கேட்டுட்டே இருந்தா நம்மளே தலையாட்ட ஆரம்பிச்சிடுவோம். அதனால நடுவுல சொன்னேன், "அந்தக் குடை பொய். நான் இட்டுக்கட்டினது."

"தெரியுமே!" முகமெல்லாம் சிரிப்பு. "உங்கம்மா குடையை வீட்டுக்குள்ள கொண்டுவரவே விடமாட்டாளே, தரை ஈரமாகும்னு. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, இது பையன் சரக்குன்னு. என்ன கற்பனைடா உனக்கு! அந்தக் கண்ணாடிக் கடையை விட்டுட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்."

அம்மா செய்யாததுன்னு தெரிஞ்சேதான் செய்ய வெச்சிருக்கார் மாமா. உண்மையோ பொய்யோ, சிரிப்பு வந்தா போதும் அவருக்கு.

அம்மா சம்பந்தப்பட்டதையெல்லாம் எடுத்துடுங்கன்னு கேட்டேன். என் தலையில கை வெச்சு, "மந்திரி சொன்னா சரி"ன்னார். அந்தக் கை கனமாவும் இல்ல, லேசாவும் இல்ல. எந்தப் படத்துலயாவது அப்பா மகனுக்கு வைக்கிற கை மாதிரி அளவா இருந்துச்சு.

அத்தையை விசாரிச்சதா சொல்லுங்க.
மருமகன்

*

செப்டம்பர் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நலம். இதை முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா மேல படிக்கப் பயப்படுவீங்க.

நாடகம் எங்க ஊருக்கே வந்துடுச்சு. ஆகஸ்ட்ல அப்பா எழுதியிருந்தார். "உனக்காகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன், சுவரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றிவிட்டேன்"னு. அப்புறம் கடைசியில, "அவள் வீட்டை விட்டு எங்கே வரப்போகிறாள்?"னு ஒரு வரி. நான் பதில் போடலை.

அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, சட்டை மூட்டை கொண்டுவர்ற ஆள் நாடகத்தைப் பார்த்திருக்கார். அம்மா பூட்டை இழுத்துப் பார்க்கறதைப் பார்த்துட்டு, "என்னக்கா, நாடகத்துல வர்ற அம்மா மாதிரியே பண்றீங்க"ன்னு சிரிச்சிருக்கார். அம்மா அவரை உட்கார வெச்சு முழுக்கதையையும் கேட்டிருக்காங்க. அவர்கிட்டயே ரெண்டு டிக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது. சனிக்கிழமை நான் கடையில இருந்து வர்றேன், அம்மா தலையை வாரி, வெளிய போற துணி உடுத்தி நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. "கிளம்பு, நேரமாச்சு"ன்னாங்க.

மூணாவது வரிசை. அம்மா சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. தைச்சு வந்த சட்டையைச் சரிபார்ப்பாங்களே, அந்த மாதிரி பார்த்துட்டிருந்தாங்க. அடுப்பு வந்தப்போ லேசா தலையை ஆட்டினாங்க. கப் வந்தப்போ, "இடது கை"ன்னாங்க, எனக்கு மட்டும் கேட்கற மாதிரி. குடை வந்துச்சு. கூட்டம் சிரிச்சு அடங்கறவரைக்கும் இருந்துட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"இது நான் இல்லையே."

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"நீயா?"

"ஆமாம்மா."

மேடையைப் பார்த்துத் திரும்பிட்டாங்க.

கடைசிக் காட்சியில பொண்டாட்டி சந்தேகப்பட்டுப் புருஷனைப் பெட்டியோட வெளிய துரத்திடுவா. அப்பா பெட்டியைத் தூக்கிட்டு மேடை விளிம்புக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார், "நீங்களே சொல்லுங்க! நான் என்ன தப்புப் பண்ணேன்?" ஜனங்க ஆளாளுக்கு ஏதாவது கத்துவாங்க. அன்னிக்கும் பின்னாடி இருந்து ஒருத்தன், "கல்யாணம் பண்ணதுதான் தப்பு!"ன்னான். ஒரே சிரிப்பு.

அம்மா எழுந்து நின்னாங்க.

"நான் சொல்றேன்"னாங்க. சத்தம் போடலை. ஆனா அந்தக் குரலுக்குச் சிரிப்பு அடங்கிடுச்சு.

"நான் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில இருந்தேன். பையன் என் தம்பி வீட்டுல இருந்தான். சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க. வரலை. மறுநாளும் வரலை. வயித்துல தையலோட நானே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். கதவு ஆன்னு திறந்து கிடந்துச்சு. உங்க துணிமணி, பெட்டி எதுவும் இல்ல. திறந்த வீட்டுல எவனெவனோ புகுந்து கையில கிடைச்சதைத் தூக்கிட்டுப் போயிருந்தான். அன்னிக்கு ராத்திரி நான் எந்த அறையில யாரு இருக்கான்னு தெரியாம படுத்திருந்தேன். நீங்க போனது போகட்டும். பூட்டிட்டுப் போயிருக்கலாமே."

உட்கார்ந்துட்டாங்க.

இதுவும் நாடகம்னு நினைச்சு ஓரத்துல சிலர் கை தட்டினாங்க. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. நான் அப்பாவையே பார்த்துட்டிருந்தேன் மாமா. ஏதாவது சொல்வார், இறங்கி வருவார், இல்ல பெட்டியையாவது கீழ வைப்பார்னு. அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அடுத்த வசனத்தைச் சொன்னார்.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில அம்மா, "அங்க அவர்கூட ஒருத்தி இருக்கான்னு இத்தனை வருஷமா சந்தேகப்பட்டுட்டிருந்தேன்டா. இருக்கா. நான்தான்"னாங்க. சிரிச்சாங்களான்னு இருட்டுல தெரியலை.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"உனக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கட்டும்னுதான். உங்க மாமாகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

அதனால உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. டயர் கதையெல்லாம் இனிமே வேண்டாம், அவ்வளவுதான்.

நான் எழுதினதுக்காக அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "கப்பைத் திருப்பி அங்கயே வெச்சியே, பார்த்தேன்"னாங்க.

இங்க வர்றப்போ லாரியைத் தெருமுனையிலயே நிறுத்துங்க. போன தடவை இடிச்ச கம்பத்தை இப்பத்தான் நிமிர்த்தியிருக்காங்க.
மருமகன்

*

அக்டோபர் 4

அன்புள்ள மந்திரிக்கு,

நலமா? அம்மா நலமா? கேட்க எனக்கு அருகதை இல்லை என்று நீ நினைக்கலாம். நினை. நானும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரம் முகச்சவரம்கூடச் செய்யாமல் கிடந்தேன்.

அன்றைக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். கால் வரவில்லை. மேடையில் இருக்கும்போது எனக்கு அடுத்த வசனம் மட்டும்தான் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் அப்படித்தான் போனேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், உன்னிடம் சொல்கிறேன். பூட்டினேனா இல்லையா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு செய்தி. நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். இந்த நாடகத்துக்கு ஆரம்பம் முதலே ஒரு முடிவு இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொடுத்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு ஊரிலும் மூன்றாவது வரிசையில் ஒரு நடிகையை உட்கார வைக்கிறோம். நான் கேள்வி கேட்டதும் அவள் எழுந்து பதில் சொல்கிறாள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அழுகிறது, மந்திரி. பெண்கள் தனியாக வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். ஒருவிதத்தில் அது எனக்குத் தண்டனைதானே?

ஆனால் அந்த நடிகை எழுந்திருக்கும் இடம் சரியாக வரவில்லை. அம்மா எழும்போது, "நான் சொல்றேன்" என்பதற்கு முன்னால், வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. மேடையில் எனக்குக் கேட்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தாய். அது என்ன?

அதை மட்டும் எழுது. அம்மா சொன்னது, அப்படியே.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அப்பா

*

நவம்பர் 27

அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்களும் நலமா இருக்கணும்.

பதில் போட இவ்வளவு நாள் ஆனதுக்குக் கடை வேலை காரணம் இல்ல. எழுதி எழுதிக் கிழிச்சுட்டிருந்தேன்.

நீங்க கேட்ட வார்த்தை எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. எழுதமாட்டேன்.

ரெண்டாவது கண்ணாடிக் கடை ஒண்ணை முதலாளி திறக்கறார். என்னை அங்க பார்த்துக்கச் சொல்லியிருக்கார். வீட்டுல பெரிசா எதுவும் மாறிடலை. நிஜ டாக்டர் ஒருத்தர்கிட்ட அம்மாவே என்னோட கிளம்பி வந்தாங்க. மாத்திரை கொடுத்திருக்கார். அதுல பாதியைச் சந்தேகப்பட்டு வெச்சிடறாங்க. மறுபடி பேசி எடுத்துக்க வைக்கணும்.

ஆனா என் முன்னாடி இப்போ பேசறாங்க. வந்த வேலையெல்லாம் போட்டுட்டு உட்கார்ந்து பேசறாங்க. நேத்து சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் பேசிட்டிருந்தோம். ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கலை.

என்ன பேசினாங்கன்னு யாருக்கும் எழுதறதில்ல.

குளிர் காலம். தொண்டையை மூடிக்கோங்க.
உங்கள் மகன்